அலுவலக வேலை, புகைப்பழக்கம் இல்லை

ஜனவரி 11

பென்சில்தின்னிக்கு,

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள்: நான். உன் அப்பன். உன் அம்மா. உன் அத்தை, பாதியில் வந்தாள், வந்ததும் அழ ஆரம்பித்ததால் எதுவும் அவள் காதில் விழுந்திருக்காது. உன் அம்மாவைப் பெற்றவள், நீ பெரியவீட்டுப் பாட்டி என்று கூப்பிடுகிறவள். அறையில் இருந்த ஒரே நாற்காலியில். பச்சை உடுப்புப் போட்ட ஒரு பொம்பளை, கேள்வி கேட்க வந்தவள். கழுத்தே இல்லாத டாக்டர். ஒரு கால் உள்ளே, ஒரு கால் கதவுக்கு வெளியே. போனில் நீ. கட்டிலில் உன் தாத்தா. அவருக்காக மெஷின் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மூளை நின்றுபோயிற்று என்று டாக்டர் சொன்ன பிறகு அவரை இருந்தவர் கணக்கில் சேர்க்கலாமா என்று எனக்குத் தெரியாது. நான் சேர்க்கிறேன்.

உன் கடிதத்தில் நலம் விசாரிப்பு ஒரு வரி, கேள்வி ரெண்டு வரி. அன்று என்னென்ன கேட்டார்கள், யார் பதில் சொன்னார்கள். வருஷம் ஒன்று திரும்பப்போகிறது, இப்போதுதான் பாட்டி வீட்டு விலாசம் ஞாபகம் வந்ததா என்று நான் கேட்கமாட்டேன். போனில் கேட்காமல் எழுதிக் கேட்டாயே, அது நல்லது. போனில் என்றால் உன் அப்பன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான்.

நீதான் அன்று போனில் சொன்னாய். இந்த நுரையீரலை இன்னொருத்தருக்கு வைக்க முடியாது, வயசாகிவிட்டது, ஆனால் எங்கள் வேலைக்குக் கொடுக்கலாம். பல தேசத்து ஆட்கள் சேர்ந்து மனுஷ உடம்பில் என்னென்ன செல் இருக்கிறது என்று ஒரு வரைபடம் போடுகிறோம். நம்மைப் போன்றவர்கள் உடம்பு அதில் இல்லவே இல்லை. அழுதுகொண்டே சொன்னாய், ஆனால் ஒரு வார்த்தை குழறவில்லை. உன் அப்பன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். என்னைக் கேட்டு நடந்தது அந்த ஒன்றுதான்.

அப்புறம் பச்சை உடுப்பு உட்கார இடம் தேடினாள். பெரியவீட்டம்மா நாற்காலியை விடவில்லை. அதனால் அவள் நின்றுகொண்டே கேட்டாள். என்ன வயது. சர்க்கரை உண்டா. குடி உண்டா. பீடி, சிகரெட் உண்டா. என்ன வேலை பார்த்தார். எல்லாம் உன் அப்பனைப் பார்த்துத்தான். அவரோடு குடித்தனம் பண்ணினவள் கை எட்டும் தூரத்தில் நிற்கிறேன், நான் ஏதோ துணி மாட்டுகிற கம்பி மாதிரி.

உன் அப்பன் பதில் சொன்னான். குடி இல்லை, சிகரெட் இல்லை. வேலை என்றதும், "ஆபீஸ் வேலைதான். கடைசிவரைக்கும்" என்றான். பச்சை உடுப்பு எழுதிக்கொண்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே ஒரு ஆள் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கித் தேய்த்துக்கொண்டிருந்தான்.

நீ கேட்டதற்குச் சொல்லிவிட்டேன். இனி நீ சொல். ஏன் கேட்கிறாய்?

பாட்டி


ஜனவரி 30

அன்புள்ள பாட்டி,

விலாசம் மறக்கவில்லை. தாத்தா இல்லாத வீட்டுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். நீ திட்டினால் பரவாயில்லை என்று இப்போது எழுதுகிறேன்.

ஏன் கேட்கிறேன் என்று முதலிலிருந்தே சொல்கிறேன், பொறுமையாகப் படி.

ஒரு புளியங்கொட்டை அளவு சதை எங்களுக்கு வரும். அதைக் கரைத்து ஒவ்வொரு செல்லாகப் பிரிப்போம். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் அந்த நேரத்தில் எந்தெந்த ஜீன் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று இயந்திரம் படித்துச் சொல்லும். ஒரே மாதிரி வேலை செய்பவற்றை ஒரு குடும்பமாக வைப்போம். என் திரையில் ஒவ்வொரு செல்லும் ஒரு புள்ளி, ஒவ்வொரு குடும்பமும் ஒரு தீவு. சிறுநீரகத்தை ஒரு நாடு பார்க்கிறது, குடலை இன்னொரு நாடு, நாங்கள் நுரையீரல். வாரத்துக்கு ஒருமுறை எல்லோரும் திரையில் சந்திப்போம். ஒருவர் ஜன்னலில் காலை வெயில் இருக்கும், இன்னொருவர் விளக்கு போட்டிருப்பார். சண்டையெல்லாம் பெயர் வைப்பதில்தான்.

நுரையீரலில் தூசி தின்னும் செல்கள் உண்டு. மூச்சோடு உள்ளே போகும் அழுக்கை விழுங்குவது அவற்றின் வேலை. எல்லோருக்கும் இருக்கும். ஆனால் ஒரே ஒருவருடைய நுரையீரலில் அவற்றில் ஒரு கூட்டம் தனியாக, யாருக்கும் இல்லாத மாதிரி, தனித் தீவாக நிற்கிறது. குறிப்பில் இருப்பது: ஆண், எழுபதுக்கு மேல், அலுவலக வேலை, புகைப்பழக்கம் இல்லை. யாருடையது என்று எங்களுக்குச் சொல்லமாட்டார்கள், எண் மட்டும்தான் வரும். ஆனால் நம் ஊரில் சதை சேகரித்து அனுப்புகிற மையத்திலிருந்து வந்தவை கொஞ்சம்தான். தாத்தாவாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

அந்தத் தீவை முதலில் பார்த்தது நான். புது வகை செல் என்று முடிவானால் கட்டுரையில் முதல் பெயர் என்னுடையது. அதற்குப் பெயர் வைப்பதும் நான். எங்கள் கூட்டத்தில் ஒரு அம்மா இருக்கிறார், மூக்கு நுனியில் கண்ணாடி. எதைக் காட்டினாலும் ஒரே கேள்விதான் கேட்பார். இது தனி வகையா, இல்லை தெரிந்த வகையே வேறு நிலையில் இருக்கிறதா? கோபத்தில் இருக்கிற மனிதனை வேறு மனிதன் என்று எழுதிவிடாதீர்கள் என்பார். அவர் சொல்லித்தான் மையத்திலிருந்து அந்தக் குடும்பத்துக்கு மறுபடி போன் போட்டுக் கேட்கப்போகிறார்கள். அது நம் குடும்பமாக இருந்தால் அப்பாவுக்குத்தான் போன் வரும்.

பாட்டி, தாத்தா எப்போதாவது புகையிலோ தூசியிலோ இருந்தாரா? விறகு அடுப்பு? பக்கத்தில் ஆலை? சின்னதாக இருந்தாலும் சொல். நான் கேட்டேன் என்று அப்பாவிடம் சொல்லாதே, அவர் தாத்தா பேச்சு எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார்.

உன்
பென்சில்


பிப்ரவரி 16

பென்சில்தின்னிக்கு,

போன் வந்தது. உன் அப்பன் முகத்தில் பாதி சோப்போடு வந்து எடுத்தான். யார் என்ன என்று கேட்டான், பிறகு மூச்சு விடாமல் ஒப்பித்தான். ஆபீஸ் வேலை, கடைசிவரைக்கும், சிகரெட் இல்லை, அடுப்பு கேஸ் அடுப்பு. வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான். நான் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தேன். வாயே திறக்கவில்லை. அதற்கே அவன், "அம்மா, நீ பாட்டுக்கு எதையாவது எழுதித் தொலைச்சிராத" என்றான். கண்ணாடிக்குப் போய் மீதிப் பாதியைச் சிரைத்தான். தாடையில் வெட்டிக்கொண்டான்.

தபால்காரர் உன் கடிதத்தை என் கையில்தான் கொடுக்கிறார். ஆனாலும் நாம் எழுதிக்கொள்வது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. இந்த வீட்டில் சுவருக்குக் காது மட்டும் இல்லை, மூக்கும் உண்டு.

விறகு அடுப்பு கிடையாது. பக்கத்தில் ஆலை கிடையாது. நீ கேட்ட ரெண்டுக்கும் பதில் அதுதான். பொய் இல்லை.

நான் ரெண்டு கேட்கிறேன். ஒன்று: அந்தக் குறிப்பில் ஏதாவது ஒரு வரி தப்பாக இருந்தால் யாருக்கு நஷ்டம்? செத்தவருக்கு இல்லை. தேசம் தேசமாக உட்கார்ந்து புள்ளி வைக்கிறீர்கள், அதில் ஒரு கிழவன் என்ன வேலை பார்த்தான் என்பதில் என்ன குடி முழுகிப்போகும்? ரெண்டு: உனக்கு என்ன நஷ்டம்?

உன் பெரியவீட்டுப் பாட்டி போன வாரம் வந்திருந்தாள். முட்டி வலியாம். நம் வீட்டு நாற்காலியில் உட்காருமுன் கைக்குட்டையால் ஒரு தட்டுத் தட்டினாள். உன் அம்மாவின் கல்யாணத்துக்கு முன்னால் அவள் நம் வீட்டுக்கு முதல்முதலாக வந்தபோதும் அப்படித்தான் தட்டினாள். நீ பிறக்காத காலம். நான் படித்தது நாலாம் வகுப்புவரை. மறப்பதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

நீ இன்னும் பென்சில் கடிக்கிறாயா? கடித்தால் அதையும் உன் மெஷினில் போட்டுப் பார், என்ன வகை என்று.

பாட்டி


மார்ச் 3

அன்புள்ள பாட்டி,

நீ கேட்டதற்கு நேராகச் சொல்கிறேன்.

இந்த வரைபடம் நோயாளிகளின் வரைபடம் இல்லை. நல்ல உடம்பு எப்படி இருக்கும் என்பதற்கான வரைபடம். நாளைக்கு மூச்சு வாங்குகிறது என்று ஒருவர் வருவார். டாக்டர் அவர் நுரையீரலில் ஒரு துளி எடுத்து எங்கள் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். எங்கே மாறியிருக்கிறது என்று தேடுவார். கெட்டுப்போன ஒன்றை நாங்கள் "நல்லது" என்ற பக்கத்தில் வைத்திருந்தால், அதே மாதிரிக் கெட்டுப்போனவர் வந்து நிற்கும்போது படம் என்ன சொல்லும்? "உனக்கு ஒன்றும் இல்லை, இது இந்த ஊர் ஆட்களுக்கு இருக்கிற வகைதான், வீட்டுக்குப் போ" என்று சொல்லும். அதுவும் உலகம் முழுக்க ஒரே படம். ஒரு இடத்தில் தப்பு என்றால் எல்லா இடத்திலும் தப்பு.

கூட்டத்தில் சிலர் இப்போதே "அந்த நாட்டு நுரையீரல்" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். நம்மைப் போன்றவர்கள் படத்தில் இல்லை என்று நான்தான் கத்திக் கத்திக் கேட்டேன். வந்து சேர்ந்தது இப்படி.

எனக்கு என்ன நஷ்டம் என்று கேட்டாய். ரெண்டு வருஷ வேலை. அடுத்து எங்கே வேலை கிடைக்கும் என்பது அந்த முதல் பெயரில் இருக்கிறது. அதை நீ கணக்கில் எடுத்துக்கொள்ளாதே என்று எழுதினேன். அடித்துவிட்டேன். மறுபடி எழுதுகிறேன். கணக்கில் எடுத்துக்கொள்ளாதே.

அப்பாவுக்குப் போன் வந்தது என்று நீ எழுதியதிலேயே அந்த எண் தாத்தாதான் என்று தெரிந்துவிட்டது. மையம் அதை எங்களுக்குச் சொல்லவில்லை, "குடும்பம் உறுதி செய்தது" என்று மட்டும் வந்தது. அடுத்த மாதம் பெயரை முடிவு செய்கிறார்கள். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். கண்ணாடிக்கார அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

பாட்டி, உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். "பொய் இல்லை" என்று நீ தனியாக எழுத வேண்டிய அவசியம் என்ன?

பென்சில்


மார்ச் 19

பென்சில்தின்னிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் தலையணை உறைக்குள் இருந்தது. இப்போது எழுதுகிறேன்.

உன் தாத்தா கல் அறுத்தார்.

வீட்டுத் தரைக்குப் போடுகிற பலகைக் கல். கல் பட்டறை ஊருக்கு வெளியே, தகரக் கொட்டகை. பெரிய சக்கரக் கத்தி சுற்றும், கல்லை உள்ளே தள்ள வேண்டும். கத்திமேல் தண்ணீர் விழுவதற்கு ஒரு குழாய் உண்டு. தண்ணீர் விட்டால் தூள் பறக்காது, சேறாகிக் கீழே போகும். ஆனால் சேறு படிந்தால் பலகையைக் கழுவ இன்னொரு ஆள் வேண்டும், வேலை மெதுவாகும். அதனால் குழாயை அடைத்து வைத்திருந்தார்கள். வாயில் ஒரு துணியைக் கட்டிக்கொள்வார். அவ்வளவுதான் பந்தோபஸ்து.

கல்யாணம் ஆகி நான் வந்த நாளிலிருந்து உன் அப்பன் காலேஜ் முடிக்கிறவரைக்கும் அந்த வேலைதான். சாயங்காலம் தெருவில் வருவார், புருவம் வெள்ளை, இமை வெள்ளை, காது மடலுக்குள் வெள்ளை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், "மாவு மில்லுலேர்ந்து வர்றீங்களா?" என்று கேட்கும். அதிலிருந்து பட்டறையிலும் அவருக்கு "மாவு" என்று பெயர் ஆகிவிட்டது. அவரும் சிரிப்பார். கூப்பிட்டால் திரும்புவார்.

அந்த உடுப்பை மற்றத் துணியோடு போட முடியாது. தனி வாளி. முதலில் கொல்லையில் உதற வேண்டும், அப்புறம் மூன்று தண்ணீர். மூன்றாவது தண்ணீரும் பால் மாதிரிதான் போகும். சாக்கடை வாயில் அது சிமெண்டு மாதிரி இறுகிவிடும். மாதம் ஒருமுறை கம்பியால் குத்திக் குத்தி எடுப்பேன். என் விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். இதெல்லாம் எனக்குக் குறை இல்லை. அது என் வேலை, நான் செய்தேன்.

பிறகு ஒரு பலகை சரிந்து அவர் பாதத்தில் விழுந்தது. நிற்க முடியவில்லை. முதலாளி நல்ல மனுஷன்தான், முன்பக்கம் கண்ணாடி அறையில் உட்காரவைத்து, எந்த வண்டிக்கு எத்தனை பலகை போகிறது என்று சீட்டு எழுதச் சொன்னார். ரெண்டு வருஷம் எழுதினார். அப்புறம் பட்டறையை மூடிவிட்டார்கள். "ஆபீஸ்" என்றால் அதுதான். பொய்க்கும் ஒரு வேர் வேண்டும் அல்லவா.

அவர் சீட்டு எழுத ஆரம்பித்த சமயத்தில்தான் உன் அப்பனுக்கு உன் அம்மாவைப் பிடித்துப்போயிற்று. பெரிய வீடு, மாடிப்படியில் பித்தளைக் கைப்பிடி. அவர்கள் வீட்டுத் தரை முழுக்கப் பலகைக் கல். உன் அப்பன் எங்கள் ரெண்டு பேரையும் உட்காரவைத்து, "அப்பா ஆபீஸ்னு சொல்லியிருக்கேன், அப்படியே இருக்கட்டும்" என்றான். சம்பந்தம் பேசப் போனோம். உன் பெரியவீட்டுப் பாட்டி கேட்டாள், "ரொம்ப நாளா ஆபீஸ்லதானா?" "ஆரம்பத்துலேர்ந்தே ஆபீஸ்தான்" என்று பதில் போயிற்று. அப்புறம் அதை யார் திரும்ப எடுப்பது? உன் அம்மா வந்தாள், நீ வந்தாய், உனக்கும் அதையே சொல்லி வளர்த்தார்கள். ஆஸ்பத்திரியில் பச்சை உடுப்பு கேட்டபோது நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாள் என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கிறேன். உன் அப்பன் வேறு எதைச் சொல்வான்? அப்பன் செத்துக் கிடந்தாலும் சம்பந்தி முழித்திருக்கிறாளே.

இதை உனக்கு எழுதியிருக்கமாட்டேன். நீ சொன்னாயே, அதே மாதிரிக் கெட்டுப்போனவர் வந்து நின்றால் படம் என்ன சொல்லும் என்று, அதனால் எழுதுகிறேன். பட்டறையில் ரேடியோ என்று ஒரு ஆள். கத்தி சுற்றுகிற சத்தத்துக்கு மேலே பேசிக்கொண்டே இருப்பான், அதனால் அந்தப் பெயர். கடைசியில் நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கவேண்டி வந்தது. ஒரு டாக்டர் சளி என்றார், ஒருத்தர் வயசு என்றார். ரேடியோ அப்படியே நின்றுபோனான். அவன் மகன் இப்போது வேறு பட்டறையில் கல் அறுக்கிறான். போன மாசம் கடைத்தெருவில் பார்த்தேன். இமை வெள்ளை.

அவன் வந்து நிற்பான் உன் படத்துக்கு முன்னால். அதற்காக எழுதுகிறேன். உன் முதல் பெயர் போனால் என்மேல் கோபப்படு. தாங்குவேன்.

பாட்டி


ஏப்ரல் 27

பாட்டிக்கு,

உன் கடிதத்தை எங்கள் தலைவரிடம் படித்துக் காட்டினேன். அது யார் என்று தெரிந்த பிறகு நான் அந்த வேலையில் இருக்கக்கூடாது, விதி அப்படி. விலகிவிட்டேன். இதற்குப் பின்னால் நடந்ததெல்லாம் அவர்கள் சொல்லித் தெரிந்ததுதான்.

தாத்தாவின் அதே துண்டிலிருந்து ஒரு மெல்லிய சீவல் உறைய வைத்திருந்தார்கள். நாங்கள் செல்களைப் பிரித்து ஜீனைத்தான் படித்தோம், அந்தச் சீவலை யாரும் வேறு வெளிச்சத்தில் பார்க்கவில்லை. ஆபீஸ் வேலை என்று எழுதியிருந்தால் யார் பார்ப்பார்கள்? இப்போது பார்த்தார்கள். சாதாரண வெளிச்சத்தில் ஒன்றும் இல்லை. ஒரு விசேஷக் கண்ணாடியைத் திருப்பினால் படம் முழுக்க இருட்டாகி, தூள் மட்டும் மின்னுகிறது. எனக்குப் படம் அனுப்பினார்கள். கூடாதுதான், ஆனாலும் கண்ணாடிக்கார அம்மா அனுப்பினார். நிறைய இருக்கிறது பாட்டி.

கல் ஜீரணமாகாது. அந்த செல் கல்லைத் தின்றுவிட்டுச் செத்துப்போகும். அதற்குள் இருந்த கல்லை இன்னொரு செல் வந்து தின்னும். அதுவும் சாகும். தாத்தா வேலையை விட்டு இத்தனை வருஷத்துக்குப் பிறகும் உள்ளே அதே வேலை நடந்துகொண்டிருந்திருக்கிறது. நாங்கள் பார்த்தது புது வகை இல்லை. பழைய வகைதான், ஓய்வே இல்லாத நிலை.

தீவை எடுத்துவிட்டார்கள். தாத்தாவை எடுக்கவில்லை. வேறு பக்கத்தில், "கல் தூசியில் வேலை செய்தவர்" என்று வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் இப்போதைக்கு அவர் ஒருவர்தான். அதே மாதிரி வேலை செய்தவர்களை இனித் தேடப்போகிறார்கள். கட்டுரை கிடையாது. எனக்கு வேறு உறுப்பு கொடுத்திருக்கிறார்கள், மண்ணீரல்.

உண்மை வெளியே வந்ததும் வீட்டில் நடந்தது உனக்குத் தெரியும், நீ அங்கேயே இருக்கிறாய். ஆனால் அம்மா என்னிடம் போனில் சொன்னதை உன்னிடம் சொல்லியிருக்கமாட்டார். "கல்லு உடைச்சா என்ன, மண்ணு சுமந்தா என்ன? நான் அதைப் பாக்குறவள்னு இத்தனை வருஷம் நினைச்சிருக்காங்களே, அதுதான்" என்றார். பெரியவீட்டுப் பாட்டியிடம் நானே கேட்டேன். அவர் அசரவில்லை. "எனக்கு அன்னிக்கே தெரியுமே. சட்டை மடிப்பு கலையாத புதுச் சட்டை, நகக்கண்ணு பூரா வெள்ளை. ஆபீஸ்ல யாருக்குடி நகம் அப்படி இருக்கும்?" என்றார். ஏன் சொல்லவில்லை என்றேன். "அவங்களா சொல்லட்டும்னு இருந்தேன். கேட்டா கூசிப்போவாங்கல்ல?" என்றார்.

எனக்கு ஒரே ஒரு குறை. சின்ன வயதில் தாத்தா மடியில் உட்கார்ந்து ஆபீஸ் விளையாட்டு விளையாடுவேன். அவர் எனக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பார், "பலகை ஆறு, பத்திரம்" என்று. மரப்பலகை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாய். அப்போது சொல்லியிருக்கலாம்.

கோபப்படு என்றாய். பட்டுப் பார்த்தேன். சரியாக வரவில்லை.

பென்சில்


மே 15

பென்சில்தின்னிக்கு,

பச்சை உடுப்பு வந்திருந்தாள். மையத்திலிருந்து நேரில் கேட்டு எழுத அனுப்பினார்களாம். இப்போது நீல உடுப்பு போட்டிருந்தாள், ஆனாலும் எனக்குப் பச்சை உடுப்புதான். முதல் காரியமாக நாற்காலியை எடுத்துப்போட்டேன். உட்கார்ந்தாள். உன் அப்பன் கதவுப் பக்கம் நின்றான், கழுத்தில்லாத டாக்டர் மாதிரி ஒரு கால் வெளியே. அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் சொன்னேன், குழாயை அடைத்து வைத்ததுவரைக்கும். அவள் எழுதி முடித்ததும், விட்டுப்போனது ஏதாவது உண்டா என்று கேட்டாள். கதவுப் பக்கமிருந்து உன் அப்பன், "அவரை மாவுன்னு கூப்பிடுவாங்க" என்றான். அதை எழுத இடம் இல்லை என்றாள். பரவாயில்லை என்றான். அப்புறம் போய்த் தண்ணீர் மோட்டாரைப் போட்டான், தொட்டி நிறைந்துதான் இருந்தது.

பெரியவீட்டம்மா சமாசாரம் படித்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதல் நாளே தெரிந்த ஒருத்திக்கு முப்பது வருஷம் பயந்து நடந்திருக்கிறேன். அவள் எங்களுக்குக் கூச்சம் வரக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டாள், நாங்கள் அவளுக்குக் கூச்சம் வரக்கூடாது என்று மூடிக்கொண்டோம். நடுவில் ஒரு மனுஷன் வேலை செய்ததே காணாமல் போயிற்று. இருக்கட்டும், அவளை விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரியில் நாற்காலி விடாததை மட்டும் மறக்கமாட்டேன். மறக்காமல் இருப்பது வேறு, மன்னிக்காமல் இருப்பது வேறு.

அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாய் என்று எழுதியிருக்கிறாய். பார்த்தேன். நீ அந்தச் சீட்டுகளை ஊசியில் குத்தி வைத்தாய். அவர் எழுத்து உனக்குப் பிடித்திருந்தது.

மண்ணீரல் எங்கே இருக்கிறது என்று உன் அத்தையைக் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. நல்ல உறுப்பாக இருந்தால் சரி.

இனி என் விஷயம். எனக்கும் ஒருநாள் மெஷின் மூச்சு விடும். அன்றைக்கும் இதே ஆட்கள் சுற்றி நிற்பார்கள், ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அதனால் பச்சை உடுப்பிடம் முன்கூட்டியே சொல்லி எழுதவைத்துவிட்டேன். உனக்கும் தெரியட்டும். பெண். சர்க்கரை உண்டு. குடி இல்லை, புகை இல்லை. காலையில் இருமல் உண்டு, அவர் இருந்தபோதிருந்தே உண்டு, யாரும் கேட்கவில்லை. வேலை என்ற இடத்தில் அவள் வீட்டு வேலை என்று எழுதப்போனாள். பேனாவைப் பிடித்துக்கொண்டேன். "கல் பட்டறை உடுப்பு துவைத்தது" என்று எழுத வைத்தேன். அந்தத் தூளை உதறினது நான், அது என் மூக்குக்கு என்ன அந்நியமா? என் நுரையீரலையும் எடுத்துப் பாருங்கள். மின்னினால் அவர் பக்கத்தில் வையுங்கள். மின்னாவிட்டால் நல்ல பக்கத்தில் வையுங்கள். நான் எங்கே இருக்கவேண்டும் என்று அந்தக் கண்ணாடிக்கார அம்மாவே முடிவு பண்ணட்டும். அவள் சரியான ஆள் மாதிரித் தெரிகிறாள்.

கடைசியாக ஒன்று. போன கடிதத்தில் "பதில் போயிற்று" என்று எழுதினேன். யார் சொன்னது என்று நீ கேட்கவில்லை, உன் அப்பன் என்று நினைத்திருப்பாய். அவன் இல்லை. அவன் சின்னப் பையன், வெட்கப்பட்டான். எங்களைக் கேட்டுக்கொண்டான், அதற்கு மேல் அன்றைக்கு அவன் வாயைத் திறக்கவில்லை, திறந்திருந்தால் உளறியிருப்பான். அவனை எப்போதோ மன்னித்துவிட்டேன், அவனிடம் சொல்லாதே. அந்தப் பித்தளைக் கைப்பிடி வீட்டில், தான் அறுத்த மாதிரியே கல் போட்ட தரையில் காலை வைத்துக்கொண்டு, புதுச் சட்டையில் உட்கார்ந்து, சிரித்த முகத்தோடு, "ஆரம்பத்துலேர்ந்தே ஆபீஸ்தான்" என்று சொன்னவர் ஒருத்தர். தலையாட்டியிருந்தால் போதும், வாயால் சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை. நான் வெடித்த கையைப் பின்னால் வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சட்டையைத் துவைத்தேன். தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

அவரை மட்டும் மன்னிக்கமாட்டேன். கட்டிலில் இருந்தவரை. உன் தாத்தாவை.

பாட்டி